கருத்துக்களத்தில் சொல்லாத கல்யாணம்

இணையத்தில் எல்லாரும் என்னை ‘நீங்கள்’ என்றார்கள். எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். சிவகாசியில் நான் வேலை பார்த்த கடையில் எனக்கு ‘ஏலே’தான் பெயர். முதலாளி அண்ணாச்சி மட்டும் கொஞ்சம் மரியாதையாக, “யாருப்பா அங்கன?” என்பார்.

கடை என்றால் பெரிய அச்சகம் இல்லை. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்துக் கொடுக்கிற சின்ன அறை. ரோஜாப்பூ, சிரிக்கிற குழந்தை, நீல வானத்தில் வெடித்து விரிகிற பூ என்று கம்ப்யூட்டரில் ஒட்டி ஒட்டிக் கொடுப்பேன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், வடக்கே இருந்து ஆர்டர் தருகிறவர்கள் படத்தை மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேட்கத் தொடங்கியதால் கடைக்கு இன்டர்நெட் வந்தது. மதியம் அண்ணாச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போனால், ஒரு தூக்கம் போட்டு அவர் திரும்பி வரும்வரை அது என்னுடையது.

அப்படி மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் அந்தத் தமிழ்க் கருத்துக்களம் கண்ணில் பட்டது. எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் புனைபெயரில் வந்து அங்கே சண்டை போட்டார்கள். கருணைக்கொலை சரியா, எலியை வைத்து மருந்து சோதிப்பது பாவமா, ஜாதகம் அறிவியலா, தூக்குத்தண்டனை வேண்டுமா. இதையெல்லாம் பற்றிப் பேச உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அதிசயம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அப்பா நெஞ்சுச் சளியோடு படுத்ததும் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய், அங்கிருந்து பிரஸ்ஸுக்குப் போய், அங்கே தட்டச்சு பழகியவன். கருத்துக்களத்தில் யாரும் என்ன படிப்பு என்று கேட்கவில்லை. பிழை இல்லாமல் எழுதினால் போதும். எழுத்தைத் தட்டுவதே என் பிழைப்பு என்பதால் அது ஒன்றில் மட்டும் எனக்குப் பயம் இல்லை.

மற்ற எல்லாவற்றிலும் பயம். ஒரு பத்தி எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் பத்துத் தடவை படித்துப் பார்ப்பேன். அனுப்பிய பிறகும் திறந்து திறந்து பார்ப்பேன். ஆமத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும், இந்நேரம் யாராவது என்னைக் கிழித்து எழுதியிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டு போவேன். அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பக்கங்களை ஒவ்வொரு வரியாகப் படித்து, புரிந்ததை மட்டும் தமிழில் எழுதினேன். ஜாதகத்தைப் பற்றி நான் எழுதியதைப் பாராட்டி ஒருவர், “நீங்கள் அறிவியல் ஆசிரியரா?” என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சிரிப்புக் குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

கேட்டவர் வெளிநாட்டில் உயிரியல் ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிக்கொண்டவர். களத்தில் அவரை எதிர்த்து நிற்க ஆளில்லை. அவர் பக்கம் நின்று பேசுவது, ஊர்க்கூட்டத்தில் பெரிய மனிதர்கள் நடுவில் நாற்காலி கிடைத்த மாதிரி இருந்தது. எழுந்துபோக மனசு வராது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் யாரோ ஒருவர் புது விவாதம் ஒன்றைத் தொடங்கினார்: சொந்தத்தில் கல்யாணம் செய்யலாமா?

என் மனைவி என் அக்காவின் மகள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் ஒரு விஷயமாகப் பேசுவதில்லை. முறைக்காரன் தாய்மாமன் இருக்கும்போது வெளியே கொடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். அக்கா என்னவோ வெளியிலும் மாப்பிள்ளை பார்த்தாள். இவள்தான், பன்னிரண்டாவது முடித்து எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு மூன்று நான்கு வருஷம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், “தெரியாத வீட்டுக்குப் போய் நான் என்ன செய்யப்போறேன்? மாமாவையே கட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். அதுவரை என்னை ‘நீ’ என்றுதான் பேசுவாள். கல்யாணத்தன்று அக்கா அவளை ஓரமாகக் கூட்டிப்போய், இனிமேல் மரியாதையாகப் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அந்த விவாதம் வந்தபோது அவள் ஐந்து மாதம்.

உயிரியல்காரர் விளக்கமாக எழுதியிருந்தார். ஒரு குடும்பத்தில் வெளியே தெரியாமல் மறைந்து கிடக்கும் குறை, தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒன்றாக வந்து சேர்ந்தால் பிள்ளையிடம் வெளிப்படும். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது அதற்கு வாய்ப்பு கூடுதல். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

“தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்கிறாள். வளர்ந்ததும் அதே தாய்மாமனிடம் தாலி வாங்குகிறாள். இது தவறு என்று புரிய அறிவியல் எதற்கு? கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதாதா?”

படித்ததும் காது சுட்டது. கடையில் யாரும் இல்லை, ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். கீழே பலர் கைதட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர், “ஜாதகத்தைக் கிழித்த நண்பரை எங்கே இன்னும் காணோம்?” என்று கேட்டிருந்தார். என்னைத்தான்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவசர வேலை, ஆர்டர் நெருக்கடி என்று ஒதுங்கியிருக்கலாம். நான் வராததை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்துபோய் எழுதினேன். “இது படிப்பறிவில்லாத மக்களின் பழக்கம். இப்படிப் பிறந்து அவதிப்படும் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?” உயிரியல்காரர் உடனே நன்றி சொன்னார். ‘படிப்பறிவில்லாத’ என்ற சொல்லை ஒன்பதாம் வகுப்போடு நின்ற என் விரல்தான் தட்டியது. மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை அன்றைக்கு நான் திறக்கவே இல்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நாய்க்கு வைத்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ இருந்தது. இருக்கன்குடி கோயிலில் அவளுக்குக் காது குத்தும்போது எடுத்தது. கால்சட்டை போட்ட பையனாக நான் உட்கார்ந்திருக்கிறேன், என் மடியில் வாயை அகலத் திறந்து அவள் அழுகிறாள், என் முகமும் அழுகிற மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அதைக் காட்டிச் சிரிப்பாள். அதைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாளே கேட்டாள். “மாமா, சொவத்துல இருந்த போட்டோ எங்க?”

“கண்ணாடிக்குள்ள பூச்சி ஏறிருந்துச்சு. கழட்டி வச்சிருக்கேன்.”

“பூச்சி ஏறுனா தொடைச்சு மாட்டுவாக. டிரம்முக்குப் பின்னாடி ஒளிச்சா வைப்பாக?”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

போட்டோவைக் கழற்றியது போல என் பயத்தைக் கழற்றி வைக்க முடியவில்லை. எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, என் பெரியப்பா மகள் இருந்தாள். எனக்குத் தங்கை முறை, என் மனைவிக்குச் சித்தி. அத்தை மகனைக் கட்டியவள். அவளுடைய மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. ஏழெட்டு வயதிருக்கும். படு சூட்டிகை. என் மனைவியோடுதான் பாதிப் பொழுதும் இருப்பாள். இரண்டு பேரும் கையாலேயே மணிக்கணக்காகக் கதை பேசுவார்கள். அந்தப் பிள்ளையை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். ஆனால் அந்த விவாதத்துக்குப் பிறகு அவள் வாசலில் வந்து நின்றாலே எனக்கு உயிரியல்காரர் எழுதிய பத்திதான் ஞாபகம் வந்தது. ஒரு பிள்ளையைப் பார்த்து அப்படி நினைக்கிறோமே என்று என்னையே திட்டிக்கொள்வேன். அடுத்த நிமிஷம் மனைவியின் வயிற்றைப் பார்ப்பேன்.

செக்கப்புக்குப் போன இடத்தில் நர்சம்மாவிடம், “பிள்ளைக்குக் காது கேக்குமான்னு இப்பவே பாக்க முடியுமா?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மொதல்ல பெறக்கட்டும்யா” என்றார். வெளியே வந்ததும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எதுக்கு அப்படிக் கேட்டீக?”

“சும்மாதான்.”

“சும்மா யாரும் அப்படிக் கேக்க மாட்டாக. நெதம் என் வயித்தையே வெறிச்சுப் பாக்கீக. அங்கன சித்தி மக வந்தா எந்திரிச்சு உள்ள போயிர்றீக. என்ன சங்கதி?”

பஸ் ஸ்டாண்டில் நின்றே, சொந்தத்தில் கட்டினால் வரக்கூடியதைச் சொன்னேன். எங்கே படித்தேன் என்பதைச் சொல்லவில்லை; நான் என்ன எழுதினேன் என்பதைச் சொல்லவே இல்லை. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முழுசாகக் கேட்டாள்.

“சரி, கூடுதல்னே வச்சுக்க. இப்ப என்ன செய்யணுங்கிற?” அவளுக்குக் கோபம் வந்தால் ‘நீங்க’ போய்விடும். “பிள்ளையத் திருப்பி உள்ள அனுப்பவா? இல்ல, என்னயக் கட்டுனது வெக்கமா இருக்கா?”

“அப்படி இல்ல தாயி.”

“அப்ப போட்டோவ மாட்டு.”

மாட்டினேன். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கும் பயம் ஒட்டிக்கொண்டது. சாப்பிடும்போது பாதியில் கையை எடுத்துவிடுவாள். “மாமா, அசையுது, நல்லாத்தான அசையுது?” என்று கேட்பாள். அவள் நிம்மதியாக இருந்தாக வேண்டிய மாதங்கள் அவை. யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து எழுதியதைத் தூக்கிவந்து அவள் மடியில் போட்டது நான்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் சீர்தான் முதலில் சபைக்கு வர வேண்டும். புடவை, வளையல், பூ, பழம் எல்லாம் தாய்மாமன் தட்டில் ஏந்தி வருவான். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இங்கே இரண்டு பேரும் நான் ஒருத்தன்தான். பெண்களுக்குக் கேட்கவா வேண்டும்?

“ஏத்தா, மாமன் சீரு இன்னும் வரலையே?”

“மாமன்தான் மாப்பிள்ளையாட்டம் சந்தனம் பூசி உக்காந்திருக்காகளே!”

“அப்ப எந்திரிச்சு வாசலுக்குப் போயி, சீரைத் தூக்கிட்டு உள்ள வந்து, திரும்ப உக்காரச் சொல்லுங்கடி. முறைன்னா முறைதான்.”

அப்படியே செய்ய வைத்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் நானே நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள், மனைவியும் பல நாள் கழித்துச் சிரித்தாள். எனக்கு மட்டும் அந்த வரி காதில் ஓடிக்கொண்டே இருந்தது: கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதாதா? கருத்துக்களத்து ஆட்கள் எல்லாரும் தெருவில் நின்று என்னை வேடிக்கை பார்ப்பது போல இருந்தது.

பெரியப்பா மகள் வளையல் போட உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் மகள் வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அடுத்துப் பிறந்த சின்னப் பையன் ஒருத்தன் உண்டு, அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. வளையலைப் போட்டபடியே அவள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

“அண்ணே, இப்பவே சொல்லிட்டேன். பொம்பளப்பிள்ள பெறந்தா என் மகனுக்குத்தான். பெறகு வெளிய பாத்திருக்கேன், தெருவுல பாத்திருக்கேன்னு சொல்லப்படாது.”

எல்லா வளைகாப்பிலும் யாராவது ஒருத்தி சொல்கிற கேலி. ‘பார்ப்போம்’ என்றால் முடிந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

“போதும். இந்த வீட்டுல இனிமே சொந்தத்துக்குள்ள குடுக்கல் வாங்கலே கெடையாது. செவிடும் ஊமையுமாப் பெத்துப் போட்டது போதும்.”

களத்தில் எழுதியதைவிட அது கொச்சையாக இருந்தது. மற்றபடி இரண்டும் ஒன்றுதான். ஆனால் அங்கே எழுதியபோது எதிரில் ஒரு முகமும் இல்லை. இங்கே பெரியப்பா மகள் வளையலைப் பிடித்த கையோடு அப்படியே இருந்தாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சின்னப்பெண் மட்டும் எல்லாரும் ஏன் அசையாமல் இருக்கிறார்கள் என்று புரியாமல், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

“நல்லவேள, அவளுக்குக் கேக்கல” என்றாள் பெரியப்பா மகள்.

அவ்வளவுதான் சொன்னாள். பாதியில் நிறுத்தினால் ஆகாது என்று மீதி வளையலையும் என் மனைவியின் கையில் போட்டு முடித்தாள். கன்னத்தில் சந்தனம் பூசினாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்தாள். இலை போட்டிருந்தது. யார் யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். சாப்பிடாமல் போய்விட்டாள்.

வளைகாப்பு முடிந்ததும் மனைவியைப் பிரசவத்துக்காக எம். புதுப்பட்டிக்கு, அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வேனில் ஏறும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். “சித்தி வீட்டுக்குப் போயிப் பேசிட்டு, பெறகு என்னயப் பாக்க வா.”

நாலு வீடு தள்ளி இருந்த அந்த வாசலுக்கு நான் போகவில்லை. போகக் கிளம்புவேன், செருப்பைப் போடுவேன், கழற்றிவிடுவேன். முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது? எனக்குத் தெரிந்தது தட்டி அனுப்புவது ஒன்றுதான். மதியம் அண்ணாச்சி சாப்பிடப் போனதும் கருத்துக்களத்தில் எழுதினேன். நான் ஆசிரியன் இல்லை, ஒன்பதாவது வரை படித்தவன், அக்கா மகளைக் கட்டியவன், அவள் இப்போது கர்ப்பம், இந்த விவாதத்தில் எழுதியதைப் போய் ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். எழுதும்போது அழுகை வந்தது. ரொம்ப நேர்மையாக நடந்துகொள்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு நிறைவும் வந்தது. அந்த நிறைவை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நாலு வீடு நடக்க முடியாதவன், முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிலர் ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள், இனி நீங்கள் எழுதுவதை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. உயிரியல்காரர் ஒரே வரி எழுதினார்: “மன்னியுங்கள் நண்பரே, நான் யாருடைய வீட்டையும் நினைத்து எழுதவில்லை.” அது உண்மையாகத்தான் இருக்கும். யாருடைய வீடு என்று தெரிந்தே எழுதியவன் நான்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. விவாதம் வேறு எதற்கோ தாவியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எம். புதுப்பட்டிக்குப் போனால் மனைவி, “அம்மா, வந்தவுகளுக்குச் சாப்பாடு வையி” என்று உள்ளே பார்த்துச் சொல்வாள். என்னிடம் எதுவும் கேட்க மாட்டாள். நான் சித்தி வீட்டுக்குப் போகவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்துவிடும் போல.

பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மனைவி பின்கட்டில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள், அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பிள்ளையோடு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பாயில் முழித்துக்கொண்டு கிடந்தது. நான் தலைமாட்டுப் பக்கம் போய், அதன் கண்ணில் படாமல் குனிந்து கைதட்டினேன். இமையைச் சிமிட்டியது. கேட்டுத்தான் சிமிட்டியதா, சும்மா சிமிட்டியதா என்று தெரியவில்லை. மறுபடி தட்டினேன். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை.

நிமிர்ந்தபோது வாசல்படியில் பெரியப்பா மகள் நின்றாள். பிள்ளை பார்க்க வந்திருக்கிறாள். கையில் சின்னச் சட்டையும் பவுடர் டப்பாவும். எத்தனை நேரம் நின்றாளோ. என் கை இரண்டும் நடுவழியில் அப்படியே இருந்தன. அவளைக் கண்டு நான் எழுந்திருக்க வேண்டும், வா என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

அவள் உள்ளே வந்து, கொண்டுவந்ததை ஜன்னலில் வைத்தாள்.

“கை தட்டிப் பாக்காதண்ணே” என்றாள். குரலில் குத்தல் இல்லை. “கை தட்டுனா காத்து மொகத்துல அடிக்கும். பிள்ள கண்ணச் சிமிட்டும். நானும் அப்படித்தான் தட்டித் தட்டிப் பாத்து, கேக்குது கேக்குதுன்னு ஒரு வருசத்த விட்டுட்டேன்.”

மூலையில் கிடந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்தாள். என்னை நகரச் சொல்லிவிட்டு, பிள்ளைக்குப் பின்னால் எட்டிப் போய் நின்று, சிமெண்டுத் தரையில் தட்டை நழுவ விட்டாள். அது விழுந்து, உருண்டு, சுற்றிச் சுற்றி அடங்குவதற்குள் என் மகள் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டு வீறிட்டாள்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதை அவள் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தேன். தன் பிள்ளைக்கு எந்தத் தட்டு விழுந்தும் கேட்காத ஒருத்தி, என் பிள்ளைக்குக் கேட்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டு நிற்கிறாள். நான் அவள் முன்னால் சந்தோஷத்தில் அழுகிறேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். “அன்னைக்கு...” என்றேன். 

அதற்குள் பின்கட்டிலிருந்து மனைவி பதறிப்போய்க் கத்தினாள். “மாமா! என்ன சத்தம்? பிள்ளைய என்ன செஞ்ச?”

பெரியப்பா மகள் குனிந்து பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். என்னைப் பார்க்காமலே பின்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“நான்தான் தாயி, சித்தி. தட்டு கைதவறி விழுந்துருச்சு. நீ பைய குளிச்சிட்டு வா.”